கல்முளையில் மழையையும் மனிதர் செயலையும் பிரித்துப் படிப்பது எப்படி

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை ஏற்றுச் சற்றே அமிலமாகிச் சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கிறது. குகையின் காற்றை எட்டியதும் அந்த வாயு வெளியேற, கரைந்திருந்த கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமம் அடுக்கடுக்காகப் படிந்து, குகைத் தரையில் கல்முளையாக (stalagmite) எழுகிறது. எனவே ஒவ்வோர் அடுக்கிலும் மழையின் தடயமும் மேலே இருந்த மண்ணின் தடயமும் சேர்ந்தே இருக்கின்றன. அவ்விரண்டையும் பிரித்தறிவதே இந்த ஆய்வின் மையம்.

கூரையில் தொங்கும் கல்விழுதைவிடத் தரையிலிருந்து எழும் கல்முளையே ஆய்வுக்கு ஏற்றது. அதன் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காகப் படிந்திருக்கும். காற்றோட்டம் குறைந்த, ஈரப்பதம் நிறைவுநிலையை ஒட்டியுள்ள உள்ளறையில், அடி முதல் நுனி வரை ஏறத்தாழ ஒரே பருமனுள்ள ஒன்றைத் தேடுங்கள். ஓராண்டேனும் சொட்டுநீரின் வேகத்தையும் வேதியியலையும் அளந்து, அது மழைக்கு எவ்வளவு விரைவாக மாறுகிறது என்று அறிந்த பிறகே மாதிரி எடுக்கவேண்டும். ஆயிரம் ஆண்டுகளில் பெரும்பாலும் சில சென்டிமீட்டரே வளரும் பொருள் இது என்பதால், உரிய அனுமதி பெறுவதோடு, ஏற்கெனவே முறிந்து கிடப்பவற்றையே முதலில் பரிசீலிப்பது நம் கடமை.

கல்முளையை வளர்ச்சி அச்சின் வழியே நெடுக அறுத்து, ஒரு பாதியைத் தொடாமல் பாதுகாத்து, மற்றொன்றை மெருகேற்றுங்கள். காலத்தைக் கணிக்க யுரேனியம்–தோரியம் முறையே நம்பகமானது. யுரேனியம் நீரில் கரைந்து வரும். தோரியம் அநேகமாகக் கரையாது. ஆகவே தூய கால்சைட்டில் உள்ள தோரியம்-230 பெரும்பாலும் படிவுக்குப் பின் யுரேனியத்தின் கதிரியக்கச் சிதைவினால் உண்டானது. அதன் அரை ஆயுள் சுமார் 75,600 ஆண்டுகள் என்பதால், இம்முறை ஏறத்தாழ 6 லட்சம் ஆண்டுகள் வரை எட்டும். களிமண் கலந்த அடுக்குகளைத் தவிருங்கள். களிமண்ணோடு வந்த தோரியம் வயதைக் கூட்டிக் காட்டும், தோரியம்-232 மிகுந்திருப்பது அதன் அடையாளம். வளர்ச்சி நின்றுபோன இடைவெளிகளின் இருபுறமும் வயது கணிக்காமல் விட்டால் பின்வரும் வாதம் முழுவதும் ஆட்டம் காணும்.

பிறகு நுண்துளையிட்டுப் பொடியெடுத்து ஆக்சிஜன், கார்பன் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) விகிதங்களை அளக்கவேண்டும். பருவமழைப் பகுதிகளில் மழை வலுக்கும்போது ஆக்சிஜன்-18 பொதுவாகக் குறையும். ஆயினும் ஈரக்காற்று எங்கிருந்து வந்தது என்பதும் அதை மாற்றுவதால், அதனை மழைமானியாகவே கொள்வது தவறு. மேகாலயத்தின் மாவ்ம்லூ குகைக் கல்முளை ஒன்றில் சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பதிவான ஆக்சிஜன் மாற்றமே, 2018இல் ஏற்கப்பட்ட மேகாலயன் என்னும் புவியியல் காலப் பிரிவின் தொடக்கக் குறியாயிற்று.

மனிதத் தாக்கத்தைக் கார்பனில் தேடவேண்டும். காடு அழிந்து வெப்பமண்டலப் புல் பரவினால் கார்பன்-13இன் பங்கு கூடும். ஆனால் வறட்சியும் இதே விளைவைத் தரும். நீர் குகையை எட்டுமுன் வழியிலேயே கால்சைட்டைப் படியவிடும்போது கார்பன்-13உடன், கால்சியத்தோடு ஒப்பிட்ட மக்னீசியத்தின் விகிதமும் உயரும். ஆகவே கார்பன் மட்டும் விலகி, ஆக்சிஜனும் மக்னீசியமும் அசையாதிருந்தால்தான் மனிதர் செயலை வலுவாகச் சந்தேகிக்கலாம். இதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான சான்று மடகாஸ்கரின் வடமேற்கிலுள்ள அஞ்சோஹிபே குகை. அங்கே கி.பி. 890 அளவில் தொடங்கி நூறாண்டுக்குள் கார்பன் விகிதம் காட்டுக்குரிய அளவிலிருந்து புல்வெளிக்குரிய அளவுக்குத் தாவியது. ஆக்சிஜனில் அதற்கு இணையான மாற்றம் இல்லை. கால்நடைகளுக்காகக் காட்டை எரித்ததே காரணமென ஆய்வாளர்கள் முடிவுசெய்தனர்.

அத்தகைய முடிவை எழுதுமுன், அதே குகையின் இன்னொரு கல்முளையிலும் அந்த மாற்றம் தென்படுகிறதா என்று பாருங்கள். தென்படாவிட்டால், அது ஒரு சொட்டின் பாதை மாறியதன் விளைவாகவே இருக்கக்கூடும். வயதுப் பிழை ஐம்பது ஆண்டுகளாக இருக்கும்போது, ஒரு குறிப்பிட்ட குடியேற்றத்தையோ போரையோ அந்த அடுக்கோடு இணைத்துப் பேச நமக்கு உரிமையில்லை.