சிபியுவிலேயே மாடலை வேகமாக ஓட்ட: டார்ச் கம்பைல், முதல் படிகள்

ஜிபியு இல்லாத கணினியில் பைடார்ச் (நியூரல் நெட்வொர்க் மாடல்களுக்கான பைதான் நூலகம்) மாடல் ஓட்டுபவர்களுக்கானது இது. அதிலுள்ள டார்ச் கம்பைல் என்ற வசதி, மாடலின் கணக்குகளை வேகமான நிரலாக மாற்றித் தரும். பைடார்ச் 2.0 (2023 மார்ச்) அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பும், லைனக்ஸில் ஒரு சி++ கம்பைலரும் வேண்டும்.

1. முதலில் அளந்து பாருங்கள்

மாடலை ஈவால் நிலைக்கு (பயிற்சிக்கு அல்ல, பயன்பாட்டுக்கான நிலை) மாற்றி, இன்ஃபரன்ஸ் மோடில் (பயிற்சிக்குத் தேவையானவற்றைப் பதிவு செய்யாத முறை) ஓட்டுங்கள். பைடார்ச்சுடன் வரும் புரொஃபைலரை (எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று அளக்கும் கருவி) இயக்கி, 'செல்ஃப் சிபியு டைம்' வரிசையில் அட்டவணையைப் பாருங்கள். நேரமெல்லாம் மேட்ரிக்ஸ் பெருக்கலில் போகிறதென்றால் டார்ச் கம்பைலிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அந்த வேலையை ஒன்டிஎன்என், எம்கேஎல் போன்ற நூலகங்கள் ஏற்கெனவே நன்றாகச் செய்கின்றன. கூட்டல், ரெலு (எதிர்ம எண்களைப் பூஜ்யமாக்குவது), நார்மலைசேஷன் (எண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவருவது) என்று சில்லறை வேலைகள் நிறைய இருந்தால்தான் லாபம்.

ஏன் என்று ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கோடி எண்கள் கொண்ட டென்சர் (எண்களின் அடுக்கு), ஃப்ளோட்32 வடிவில் (எண்ணுக்கு 4 பைட்) 40 எம்பி. மடிக்கணினிகளின் கேஷில் (சிபியுவுக்குள் இருக்கும் சிறு நினைவகம்) பெரும்பாலும் அடங்காது. அதை ஓர் எண்ணால் பெருக்கி, இன்னொன்றைக் கூட்டி, ரெலு போட்டால் மூன்று சுற்று. சுற்றுக்கு 40 எம்பி படிக்க வேண்டும், 40 எம்பி எழுத வேண்டும், மொத்தம் 240. தரவு ராமிலிருந்து வந்து சேரும்வரை பிராசஸர் கைகட்டி நிற்கும். டார்ச் கம்பைலின் உள்ளே இருக்கும் இண்டக்டர், மூன்றையும் ஒரே லூப்பாக்கிச் சி++ நிரலாக எழுதிவிடும். ஒருமுறை படித்து ஒருமுறை எழுதினால் 80 எம்பியோடு முடிந்தது. இதைத்தான் ஃபியூஷன் என்கிறார்கள்.

2. கம்பைல் செய்யுங்கள்

மாடலை டார்ச் டாட் கம்பைலுக்குள் கொடுங்கள், ஒரே வரிதான். முதல் அழைப்பு மெதுவாகவே இருக்கும், ஏனென்றால் கம்பைல் அப்போதுதான் நடக்கிறது. சில முறை சும்மா ஓட்டிவிட்டு அப்புறம் நேரம் பாருங்கள். ஃபார்வர்ட் ஃபங்ஷனுக்குள் பிரிண்ட் வரிகள் இருந்தால் எடுத்துவிடுங்கள்; அங்கே கிராஃப் (ஒன்றாகக் கம்பைல் செய்யப்படும் கணக்குகளின் தொகுப்பு) உடைந்து ஃபியூஷன் நின்றுவிடும். உள்ளீட்டின் அளவு மாறினாலும் மறுபடி கம்பைல் ஆகலாம்.

3. த்ரெட் எண்ணிக்கை

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். 8 கோர் கணினியில் 4 சர்வர் பிராசஸ்கள் ஓடி, ஒவ்வொன்றும் 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை) திறந்தால் 32 த்ரெட்கள் முட்டிமோதும். பிராசஸுக்கு 2 த்ரெட் என்று வையுங்கள். ஹைப்பர்த்ரெடிங் காட்டும் கூடுதல் கோர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை கணக்கிடும் உறுப்புகளைப் பங்குபோட்டுக்கொள்பவைதான்.

4. பிஃப்ளோட்16

இது எண்ணுக்கு 16 பிட் மட்டும் எடுக்கும் வடிவம்; இதற்கு மாற்றினால் டென்சரின் அளவு பாதியாகும். ஆனால் இன்டெல், ஏஎம்டி சிப்களில் எல்எஸ்சிபியு கட்டளை (சிபியுவின் விவரங்களைக் காட்டும் லைனக்ஸ் கட்டளை) 'ஏஎம்எக்ஸ் பிஎஃப்16' அல்லது 'ஏவிஎக்ஸ்512 பிஎஃப்16' என்று காட்டாவிட்டால் இந்தப் பக்கமே போக வேண்டாம், வேகம் குறையவும் கூடும். காட்டினால் மாற்றிப் பார்த்து, விடைகளைப் பழைய ஃப்ளோட்32 விடைகளோடு ஒப்பிட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.