ஃபைபர் படகுக்கு விஎச்எஃப் வயர்லெஸ்: கட்டுப்படியாகும் விலையில் எதை வாங்குவது?

கரையை விட்டுச் சில மைல் போனதுமே செல்போன் சிக்னல் விட்டுவிட்டு வரும், பிறகு நின்றே போகும். அதற்கு மேல் படகுக்கும் படகுக்கும் பேச்சு நடக்க விஎச்எஃப் வயர்லெஸ்தான் வழி. போனில் கூப்பிட்டால் ஒருவருக்குத்தான் கேட்கும். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் அந்தச் சேனலைத் திறந்து வைத்திருக்கும் சுற்றுவட்டாரப் படகுகள் அத்தனைக்கும் கேட்கும். நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோனவருக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை.

அவுட்போர்டு இன்ஜின் பூட்டி, விடியுமுன் போய் அன்றைக்கே கரை திரும்பும் ஃபைபர் படகுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல்முறை வயர்லெஸ் வாங்குகிறவருக்கு என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அனுப்பும் பலத்தைக் காட்டும் வாட் எண்ணைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். தண்ணீர் தாங்குவதற்கும், பேட்டரிக்கும், ஆன்டெனாவின் உயரத்துக்கும் கொடுங்கள். ஏன் என்பது முதல் படியிலேயே புரிந்துவிடும்.

படி 1: எவ்வளவு தூரம் பேச வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

விஎச்எஃப் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். பூமி வளைந்திருப்பதால் தொடுவானத்துக்குக் கீழே இறங்கிவிட்ட படகுக்கு உங்கள் குரல் போய்ச் சேராது. இதற்கு எளிய கணக்கு உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.2 ஆல் பெருக்குங்கள். வருவது கடல் மைல். எதிராளியின் ஆன்டெனாவுக்கும் அதே கணக்கைப் போட்டு இரண்டையும் கூட்டினால், இருவரும் பேசக்கூடிய அதிகபட்ச தூரம்.

இரண்டு படகிலும் ஆள் எழுந்து நின்று, 2 மீட்டர் உயரத்தில் கையடக்க வயர்லெஸ்ஸைப் பிடித்துப் பேசினால் 3.1 கூட்டல் 3.1, சுமார் 6 மைல். உட்கார்ந்து 1 மீட்டரில் பிடித்தால் 4.4 மைலாகக் குறைந்துவிடும். 4 மீட்டர் கம்பத்தில் ஆன்டெனா வைத்த இரண்டு படகுகளுக்கு 8.8 மைல். கரையில் 60 மீட்டர் கோபுரம் இருந்தால் அதன் பங்கே 17 மைல். இவையெல்லாம் ஏட்டுக் கணக்கு. கையடக்கக் கருவியின் குட்டை ஆன்டெனாவுக்கு இதில் நல்ல பங்கு குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் வாட் எங்கேயும் வரவில்லை, பாருங்கள். 5 வாட்டை 25 வாட் ஆக்கினால் குரல் இரைச்சலைத் தாண்டித் தெளிவாகக் கேட்கும், தொடுவானம் தள்ளிப்போகாது. அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் மைல் கணக்கை நம்பாமல், உங்கள் படகின் உயரத்தை வைத்து நீங்களே கணக்குப் போடுங்கள்.

படி 2: கையடக்கமா, படகில் பொருத்துவதா?

கடல் விஎச்எஃப்பில் கையடக்கக் கருவிகள் பெரும்பாலும் 5 அல்லது 6 வாட். படகில் பொருத்துவது 25 வாட். அதற்கு மேல் அனுமதி இல்லை. பொருத்தும் செட்டுக்கு 12 வோல்ட் பேட்டரி வேண்டும். முழு பலத்தில் பேசும்போது 5, 6 ஆம்பியர் இழுக்கும். பியூஸ், தடித்த ஒயர், ஆன்டெனா, கேபிள் என்று செலவு தனியாக ஏறும். செட்டின் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

பேட்டரியே இல்லாத சின்னப் படகென்றால் யோசிக்க வேண்டாம், கையடக்கம்தான். படகு கவிழ்ந்தாலும் அது கையோடு வரும். பேட்டரியும் ஒரு கம்பமும் ஏற்கெனவே இருந்து, பத்துப் பன்னிரண்டு மைலுக்கு மேல் போகிறவர் என்றால் பொருத்தும் செட் வாங்குங்கள்.

ஆன்டெனாவில் 3 டெசிபல், 6 டெசிபல் என்று எழுதியிருக்கும். எண் கூடினால் நல்லது என்று கடைக்காரர் சொல்வார். எண் கூடக் கூட, டார்ச் ஒளியைக் குவிப்பதுபோல அலை ஒடுங்கிப் போகும். ஓயாமல் ஆடும் சின்னப் படகில் அந்த ஒடுங்கிய அலை ஒருமுறை தண்ணீரிலும் ஒருமுறை வானத்திலும் போய் விழும். நம் படகுகளுக்கு 3 டெசிபலே பொருத்தம். நீளமும் சுமார் ஒரு மீட்டர்தான். வலை இழுக்க இடைஞ்சல் இராது. கேபிளைத் தேவையான நீளத்துக்கு மேல் சுருட்டி வைக்காதீர்கள், அதிலேயே பலம் விரயமாகும். இணைப்பில் உப்புத் தண்ணீர் இறங்காமல் நன்றாக டேப் சுற்றுங்கள். கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் அதுதான்.

படி 3: தரை வாக்கி டாக்கியை ஒதுக்குங்கள்

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் வாக்கி டாக்கியைத்தான் பலரும் முதலில் தேடுகிறார்கள். வேண்டாம். அது தண்ணீர் தாங்காது. கடலுக்கான சேனல்கள் அதில் அமைந்திராது. உரிமம் தேவைப்படும் வகையானால், உரிமமில்லாமல் வைத்திருப்பதும் குற்றம். அப்படிப்பட்ட வாக்கி டாக்கிகளை இணைய அங்காடிகள் கண்டபடி விற்பதைத் தடுக்க 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தனி நெறிமுறையே கொண்டுவந்தது. கடல் வயர்லெஸ் என்றால் சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், ஒரே பொத்தானில் வர வேண்டும். ஆபத்துக் குரலுக்கும் முதல் அழைப்புக்கும் உலகம் முழுவதும் அதுதான்.

படி 4: கடையில் கையில் எடுத்துப் பாருங்கள்

ஐபிஎக்ஸ்7 என்ற குறி இருக்கிறதா பாருங்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்று பொருள். அடுத்துக் கேட்க வேண்டியது, மிதக்குமா? ஐபிஎக்ஸ்7 இருந்தும் மூழ்கிப்போகும் மாடல்கள் உண்டு. கை தவறி விழுந்தால் அதோடு போச்சு. மிதப்பதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வீண் இல்லை. ஐகாம், ஸ்டாண்டர்டு ஹொரைசன் போன்ற நிறுவனங்களின் கீழ்நிலை மாடல்களிலேயே மிதப்பவை இருக்கின்றன.

பேட்டரி எத்தனை மணி நேரம் என்று எழுதியிருப்பது, பேசுவது 5 சதவீதம், கேட்பது 5 சதவீதம், சும்மா இருப்பது 90 சதவீதம் என்ற கணக்கில். நம் கடலில் பேச்சு அதைவிட அதிகம். எனவே ஏட்டில் உள்ளதில் பாதியை நம்புங்கள். யுஎஸ்பி ஒயரில் சார்ஜ் ஏறும் மாடலானால் பவர் பேங்க் போதும்.

கையை நனைத்துக்கொண்டு பொத்தான்களை அழுத்திப் பாருங்கள். திரையை வெயிலில் காட்டி எண் தெரிகிறதா என்று பாருங்கள். கடைக்குள் இருக்கும் வெளிச்சத்தில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

படி 5: சிவப்புப் பொத்தான் தேவையா?

சில மாடல்களில் மூடி போட்ட சிவப்புப் பொத்தான் இருக்கும். இதற்கு டிஎஸ்சி என்று பெயர். மூடியைத் திறந்து சில வினாடி அழுத்திப் பிடித்தால், சேனல் 70 வழியாகப் படகின் அடையாள எண்ணும் இருக்குமிடமும் தானாகப் போகும். வாய் பேச முடியாத நிலையிலும் வேலை செய்யும். ஆனால் அந்த அடையாள எண்ணை, அதாவது ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ எண்ணை, வாங்கி ஏற்றியிருக்க வேண்டும். இந்தியப் படகுகளுக்கு அது 419 என்று தொடங்கும். ஜிபிஎஸ்ஸும் சேர்ந்திருந்தால்தான் இருக்குமிடம் போகும். கையில் காசு இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் மிதக்கும் சாதாரண மாடலும், பையில் ஒரு உதிரி பேட்டரியும் மேல்.

படி 6: உரிமமும் மானியமும்

கடல் வயர்லெஸ்ஸுக்கும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் உரிமம் வேண்டும். பில்லைப் பத்திரமாக வையுங்கள். மானியம் உண்டா என்று வாங்குமுன் உங்கள் ஊர் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். 2020இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் தொடர்புக் கருவிகளும் அடக்கம்.

தங்குகடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போகிறவர்களுக்கு விஎச்எஃப் மட்டும் போதாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த குமரி மாவட்டப் படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அதற்கு விடையாகத்தான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கவும் அனுப்பவும் கூடிய இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் வந்தது. ஒரு லட்சம் படகுகளுக்கு அதை இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. உங்கள் படகு பட்டியலில் இருக்கிறதா என்று அதே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

படி 7: முதல் நாள் செய்ய வேண்டியது

செட்டில் சர்வதேசம், அமெரிக்கா, கனடா என மூன்று சேனல் வரிசை இருந்தால் சர்வதேசத்தில் வையுங்கள். இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சை, இரைச்சல் நிற்கும் அளவுக்கு மட்டும் திருப்புங்கள். கூடத் திருப்பினால் தூரத்துக் குரல் கேட்காது. பக்கத்துப் படகோடு பேச 1 வாட் போதும், பேட்டரி மிஞ்சும். சேனல் 16இல் கூப்பிட்டு, பதில் வந்ததும் 72 அல்லது 77க்கு மாறிப் பேசுங்கள். 16இல் ஊர்க்கதை பேசினால் அபாயத்தில் இருப்பவரின் குரல் அமுங்கிப்போகும்.

ஆபத்தில் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுப் படகில் ஒட்டுங்கள்: ‘மேடே’ என்ற அபாயச் சொல் மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, ஜிபிஎஸ்ஸில் தெரியும் இடம், என்ன நடந்தது, எத்தனை பேர். படகில் வரும் எல்லோரும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும், பொத்தானை அழுத்தாமல். அதே தாளில் கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டையும் எழுதுங்கள். வீட்டுச் சுவரிலும் ஒன்று ஒட்டுங்கள். படகு நேரத்துக்கு வரவில்லையென்றால் வீட்டிலிருப்பவர்கள் கூப்பிட வேண்டிய எண்கள் அவைதான்.

கரை திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, சார்ஜ் முனை காய்ந்த பிறகே சார்ஜில் போடுங்கள்.