மௌன நகைச்சுவைப் படங்களை ரசித்துப் பார்ப்பது எப்படி?

மௌனப் படங்களுக்குப் புதியவர்கள் முழுநீளப் படத்தை எடுத்த எடுப்பில் நாடாமல், சுமார் இருபது நிமிடங்களில் முடிந்துவிடும் இரண்டு பிலிம் சுருள்களில் அடங்கும் குறும்படம் ஒன்றிலிருந்து தொடங்குவது நல்லது. அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் பஸ்டர் கீட்டனின் ‘ஒன் வீக்’ (1920) அதற்கு மிகப் பொருத்தமானது. பெட்டிகளில் வந்திறங்கிய பாகங்களைப் பூட்டிப் புதுமணத் தம்பதியர் தாங்களே வீடு கட்டுகிறார்கள். பெட்டிகளின் எண்களைப் பொறாமைக்காரன் ஒருவன் மாற்றிவிட்டதால் வீடு கோணல்மாணலாக எழும்புகிறது. இதை விளக்க ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

படம் ஓடும் வேகத்தைப் பார்த்துப் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். அக்காலக் கேமராக்கள் பெரும்பாலும் கையால் சுழற்றப்பட்டவை. நொடிக்கு 24 பிரேம்களுக்கும் (பிலிமில் உள்ள தனித்தனிப் படங்களுக்கும்) குறைவாகப் பதிவான காட்சியைப் பேசும்படத்திற்குரிய 24 பிரேம் வேகத்தில் ஓட்டினால் எல்லோரும் வெட்டி வெட்டி நடப்பதாகத் தெரியும். சிரிப்புக்காக வேண்டுமென்றே வேகம் கூட்டப்பட்ட இடங்களும் உண்டு என்றாலும், எல்லாமே துள்ளுகிறது என்றால் பிழை அந்தப் பதிப்பில்தான். ஒலியை அணைத்துவிடாதீர்கள், இப்படங்கள் திரையரங்கில் இசையோடுதான் காட்டப்பட்டன.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, முகத்தை மட்டும் பார்க்காமல் திரை முழுவதையும் பார்ப்பது. கலைஞனின் உடல் தலைமுதல் கால்வரை தெரியும்படி கேமரா பெரும்பாலும் சற்றுத் தள்ளியே நிற்கும். எங்கே பார்க்க வேண்டும் என்பதை நாமே கண்டுகொள்ள வேண்டும். ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ (1928) படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாகக் கீட்டன்மீது சாய்கிறது. திறந்திருந்த ஜன்னல் சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து விழுவதால் அவர் தப்புகிறார். சுவர் உண்மையிலேயே கனமானது, இடைவெளியோ சில அங்குலங்கள்தான். முதல்முறை சுவரைப் பாருங்கள். மறுமுறை அசையாமல் நிற்கும் அவரைப் பாருங்கள், அந்த ஒரு கணத்தில் எவ்வளவு கணக்கும் துணிவும் அடங்கியிருக்கின்றன என்பது அப்போதுதான் விளங்கும்.

சாப்ளினிடம் கவனிக்க வேண்டியவை கைகள். ‘தி கோல்ட் ரஷ்’ படத்தில் பசிக்கொடுமையால் வேகவைத்த காலணியை உண்ணும்போது, அதன் நாடாவை முள்கரண்டியில் சுற்றி எடுப்பதிலும், ஆணிகளை எலும்பைப்போல் சப்பி வைப்பதிலும் விருந்துண்பவரின் நாசூக்கு சற்றும் குறைவதில்லை. அந்தக் காலணி அதிமதுர மிட்டாயால் செய்யப்பட்டது என்று தெரிந்த பிறகும் அவருடைய பசியை நம்பவே தோன்றுகிறது. சாப்ளின் தம் குரலில் கதைசொல்லலைச் சேர்த்து 1942-இல் மறுபடி வெளியிட்ட பதிப்பும் கிடைக்கிறது. முதன்முறை பார்ப்பவர்கள் 1925-ஆம் ஆண்டின் மௌனப் பதிப்பையே தேடிப் பாருங்கள்.