எல்லையோரத்துப் பிள்ளை ராணுவ மருத்துவத்தில் ஜெனரல் ஆக: வழியும் வயதுக் கணக்கும்

கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் மருத்துவ சீட் என்று பேச்செடுத்தாலே அது நேட்டிவிட்டியில்தான் போய் முட்டும். வீடு பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், பள்ளிக்கூடம் பொள்ளாச்சியில். அப்படிப்பட்ட பிள்ளைக்கு இரண்டு மாநில ஒதுக்கீட்டிலும் இழுபறிதான். ஆந்திரத்து நகரி, புத்தூர் பக்கமிருந்து திருத்தணிக்கு வந்து படிக்கிற பிள்ளைக்கும் இதே கதை. புனேயிலுள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில், எல்லாரும் ஏ.எஃப்.எம்.சி. என்று சொல்வதில், இந்தத் தகராறு கிடையாது. மாநில ஒதுக்கீடே இல்லை. நாடு முழுக்க ஒரே தரவரிசை.

சீட் வாங்குவதைப் பற்றி எல்லாரும் விசாரிக்கிறார்கள். அங்கிருந்து மேலே எதுவரை போகலாம், எங்கே தடுக்கும் என்று பதினெட்டு வயதில் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய வயது அதுதான்.

வயதுக் கணக்கு

கணக்கை உச்சியிலிருந்து கீழே போட்டுப் பாருங்கள். ராணுவ மருத்துவத்தில் ஓய்வு வயது பதவியோடு சேர்ந்து நகரும். கர்னல் வரை 58. அதற்கு மேல் பிரிகேடியர், மேஜர் ஜெனரல் என்று படிக்கு ஒன்றாகக் கூடி லெப்டினன்ட் ஜெனரலுக்கு 61. முப்படை மருத்துவ சேவைகளின் தலைமை இயக்குநருக்கு மட்டும் 62. லெப்டினன்ட் ஜெனரல் மட்டத்தில் உள்ள மருத்துவப் பதவிகளைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம்: முப்படைத் தலைமை இயக்குநர், தரைப்படை, கடற்படை, விமானப்படைக்குத் தனித்தனி இயக்குநர்கள், புனே கல்லூரித் தலைவர், டெல்லி ஆர்மி ஆஸ்பத்திரித் தலைவர், இன்னும் ஒன்றிரண்டு.

கீழேயிருந்து பார்த்தால், 18 வயதில் சேர்பவருக்கு நாலரை வருடப் படிப்பு. 22, 23 வயதில் கமிஷன், அதாவது அதிகாரியாக நியமனம். பிறகு ஒரு வருட இன்டர்ன்ஷிப். மருத்துவர் பதிவு முடிந்ததும் கேப்டன். 4 வருட சேவையில் மேஜர், 11 வருடத்தில் லெப்டினன்ட் கர்னல். இதுவரை காலமே தூக்கிக்கொண்டு போகும். கர்னலிலிருந்து தேர்வு வாரியம் குறுக்கே வரும்.

அந்தத் தலைமை இயக்குநர் பதவிக்கு வந்த முதல் பெண் ஆர்த்தி சரின். 1985 டிசம்பரில் கமிஷன், 2024 அக்டோபர் 1 அன்று பொறுப்பேற்பு. ஏறத்தாழ 39 வருடம். 62இலிருந்து 39ஐக் கழித்தால் 23. திருச்சூரிலும் பாலாவிலும் நீட்டை மறுபடி எழுதுவதற்கான ரிப்பீட்டர் பேட்சில் இரண்டு, மூன்று வருடம் இருந்துவிட்டு வருகிறவருக்குக் கணக்கு எங்கே இடிக்கிறது என்று இதிலேயே தெரியும். அந்த வருடங்கள் தொடக்கத்தில் குறைவதாகத் தோன்றும். உண்மையில் அவை உச்சியிலிருந்துதான் வெட்டப்படுகின்றன. மேலே காலியிடம் வரும் நாளில் ஓய்வுக்கு மிச்சம் சில மாதமே இருந்தால் யாரும் எதுவும் செய்ய முடியாது. ஒரு வருடம் ரிப்பீட் செய்வது தாங்கும். மூன்றாவது வருடத்துக்குப் பணம் கட்டுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

புனேக்குள் நுழைவது

பன்னிரண்டாம் வகுப்பை முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்ந்து 60 சதவீதம். ஒவ்வொன்றிலும், ஆங்கிலத்திலும் 50. பத்தாம் வகுப்பில் கணிதம் தேறியிருக்க வேண்டும். திருமணம் ஆகியிருக்கக் கூடாது. இடங்களில் 115 ஆண்களுக்கு, 30 பெண்களுக்கு. ஆகவே பெண்களுக்கு நீட் கட் ஆஃப் எப்போதும் மேலே நிற்கும். மகளின் மார்க்கைப் போன வருட ஆண்கள் பட்டியலோடு ஒப்பிட்டு ஏமாற வேண்டாம்.

நீட் ரிசல்ட் வந்ததும் எம்.சி.சி., அதாவது மத்திய மருத்துவ கவுன்சலிங் குழுவின் தளத்தில் ஏ.எஃப்.எம்.சி.க்கென்று தனியாக விருப்பம் பதிய வேண்டும். மாநில கவுன்சலிங்கில் பெயர் கொடுத்தாயிற்று, அதிலேயே இதுவும் வந்துவிடும் என்று இருந்துவிடுவதால் வருடாவருடம் நல்ல மார்க் வைத்திருப்பவர்களே தவறவிடுகிறார்கள்.

அடுத்து புனேக்கு அழைப்பு. அங்கே ஆங்கிலமும் தர்க்கமும் கலந்த டி.ஓ.ஈ.எல்.ஆர். தேர்வு: 40 கேள்வி, 30 நிமிடம், சரிக்கு 2, தப்புக்கு அரை மார்க் கழிவு. நீட்டின் 720உடன் இந்த 80 சேர்ந்து 800. அது 200க்குச் சுருங்கும். நேர்காணலுக்கு 50. அதாவது நீட்டில் 8 மார்க் பின்தங்கியவர் நேர்காணலில் 2 மார்க் கூட எடுத்தால் சமம். தமிழ் மீடியத்தில் படித்தவர் கவலைப்பட வேண்டியது இந்த 30 நிமிடத்தைப் பற்றித்தான். கேள்வி கடினமில்லை, நேரம் பத்தாது. பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையிலிருந்தே ஆங்கிலச் செய்தித்தாளின் ஒரு பத்தியைக் கடிகாரம் வைத்துப் படித்துப் பழகினால் போதும்.

சான்றிதழ் விஷயம் சின்னதாகத் தோன்றும், ஆனால் எல்லையோரத்தில் அதுதான் கழுத்தைப் பிடிக்கும். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் தமிழ்நாட்டு வழக்கப்படி முன்னெழுத்து, ஆதாரில் அப்பா பெயர் விரித்து, நீட் விண்ணப்பத்தில் மூன்றாவது விதமாக. பன்னிரண்டாம் வகுப்புக்குள் கேரளத்தின் இ-சேவை மையமான அக்ஷயாவுக்குப் போய் ஆதாரை எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பொருத்திவிடுங்கள். எஸ்.எஸ்.எல்.சி.யை ஆதாருக்குப் பொருத்தக் கிளம்பினால் வருடம் போய்விடும்.

மெடிக்கல்

உடல் தகுதிச் சோதனையில் அன்ஃபிட் ஆகிறவர்களில் பலர் சரிசெய்யக்கூடிய காரணத்துக்காகவே திரும்புகிறார்கள். காதுக் குறும்பி அடைத்துக்கொண்டு செவிப்பறை தெரியாமல் போவது, சொத்தைப் பல், கூடுதல் எடை. பற்களுக்குப் போடும் மதிப்பெண்ணில் 14 புள்ளி தேவை. சொத்தையை அடைத்துவிட்டுப் போங்கள். குறும்பியை மூன்று வாரம் முன்பே டாக்டரிடம் எடுத்துவிடுங்கள், முந்தின நாள் பட்ஸ் போட்டுக் குடைந்தால் புண்ணாகி அதுவே குறையாகும். முழங்கால் இடிப்பு வீட்டிலேயே பார்க்கலாம்: முழங்கால் இரண்டும் தொட்டு நிற்கும்போது ஆண்களுக்குக் கணுக்கால்களுக்கு நடுவே 5 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் சிக்கல்.

நிறங்களைப் பிரித்தறிய முடியாத கண் குறை மட்டும் வேறு ஜாதி. சிகிச்சை கிடையாது. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா புத்தகத்தை ஒன்பதாம் வகுப்பிலேயே ஒரு கண் டாக்டரிடம் பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் அப்பீல் மெடிக்கல் போர்டு உண்டு. கொடுத்த தேதிக்குள் எழுத்தில் கேட்க வேண்டும்.

வேறு வாசல்கள்

வேறு கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தவருக்குக் குறுகிய சேவைக் கமிஷன் இருக்கிறது. முதலில் 5 வருடம், பிறகு 5, பிறகு 4 என்று மொத்தம் 14 வரை. தலைமைக்குப் போக ஆசை இருந்தால் 14ஐ நம்பி உட்காரக் கூடாது. இரண்டு வருட சேவை முடிந்ததும் நிரந்தரக் கமிஷனுக்கு எழுதிப் போட வேண்டும். அதற்கும் வயது வரம்பு இருக்கிறது. புனேயில் படித்தவர்களிலும் ஒரு பகுதிக்குக் குறுகிய சேவைதான். அவர்கள் 7 வருடம் பணியாற்றியாக வேண்டும்.

பாலக்காட்டில் நர்ஸிங் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ராணுவ நர்ஸிங் சேவையில் பெண்களுக்கு நாலு வருட பி.எஸ்சி., புனே முதல் பெங்களூர் வரை ஆறு கல்லூரிகளில் 220 இடம், நீட் மதிப்பெண் வேண்டும். லெப்டினன்டாகத் தொடங்கி மேஜர் ஜெனரல் வரை போகலாம். மத்திய கிழக்குக்குப் போவதற்கு முன் யோசிக்க வேண்டிய வழி இது.

முதல் பத்து வருடம்

லக்னோவிலுள்ள மருத்துவப் படை மையத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்ததும் பலர் பட்டாலியன் டாக்டராக, ஆர்.எம்.ஓ.வாகப் போவார்கள். மலை உச்சியில் எண்ணூறு பேருக்கு ஒரே டாக்டர். இங்கே அறுவை சிகிச்சைத் திறமை யாருக்கும் தெரியாது. சிப்பாய்களுக்கு வயிற்றுப்போக்கு வருகிறதா இல்லையா, அதுதான் மதிப்பெண்.

அதனால் தண்ணீருக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர் வேண்டும் என்று சோதிக்கும் ஹாராக்ஸ் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு இயக்கத் தெரிய வேண்டும். கருப்புக் கோப்பையில் உள்வட்டக் கோடு வரை தண்ணீர் எடுத்து, தலைதட்டிய ஒரு கரண்டி, அதாவது 2 கிராம், பிளீச்சிங் பவுடரைக் கரைப்பது. ஆறு வெள்ளைக் கோப்பைகளில் சோதிக்க வேண்டிய தண்ணீர். முதலாவதில் அந்தக் கரைசல் 1 சொட்டு, இரண்டாவதில் 2, ஆறாவதில் 6. கலக்கி அரை மணி நேரம் விட்டு, ஒவ்வொன்றிலும் 3 சொட்டு ஸ்டார்ச் அயோடைடு. தெளிவான நீலம் முதலில் தெரியும் கோப்பையின் எண் 3 என்றால், 455 லிட்டருக்கு 3 கரண்டி, 6 கிராம். ஆறிலும் நீலம் வரவில்லையா? தண்ணீரைக் குறை சொல்வதற்கு முன் பவுடர் டப்பாவைப் பாருங்கள். மூடி திறந்து கிடந்த பவுடரில் குளோரின் பறந்துபோயிருக்கும்.

ஆர்.எம்.ஓ.வின் வேலையை வருடாவருடம் மதிப்பிடும் ரகசிய அறிக்கையை முதலில் எழுதுபவர் பட்டாலியன் தளபதி. அவர் டாக்டர் இல்லை. அவருக்குத் தெரிவது உடம்பு சரியில்லை என்று காலை சிக் ரிப்போர்ட்டில் வருபவர்கள் எத்தனை பேர், அவர்களோடு டாக்டர் எப்படிப் பேசுகிறார் என்பது. பேச்சு இந்தியில். இந்த இடத்தில் கேரளப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பிலிருந்து இந்தி படித்த எல்லையோரத்துப் பிள்ளை, கோயம்புத்தூர்க்காரரை முந்திவிடும். அந்தப் பாடத்தைப் பரீட்சையோடு மறந்துவிட வேண்டாம்.

கிளை பிரியும் இடம்

மேற்படிப்புக்கு நீட் பி.ஜி. எழுதி, சேவையிலிருந்தபடியே புனேயிலோ டெல்லியிலோ கமாண்ட் ஆஸ்பத்திரிகளிலோ எம்.டி., எம்.எஸ். படிக்கலாம். சம்பளம் தொடரும், சேவைக் கட்டாயமும் நீளும். பிறகு கிரேடட் ஸ்பெஷலிஸ்ட், கிளாசிஃபைடு ஸ்பெஷலிஸ்ட், சீனியர் அட்வைசர், கன்சல்டன்ட் என்று ஒரு ஏணி. இன்னொன்று நிர்வாக ஏணி: ஃபீல்டு ஆஸ்பத்திரித் தலைமை, டிவிஷனின் மருத்துவத் தலைவரான ஏ.டி.எம்.எஸ்., அதற்கு மேலுள்ள கோர் (corps) படைப்பிரிவின் டி.டி.எம்.எஸ்., கமாண்டின் மருத்துவத் தலைமை. எம்.டி.யில் ஆஸ்பத்திரி நிர்வாகம் எடுப்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் வருவார்கள்.

ஆர்த்தி சரின் கதிரியக்க மருத்துவர். மூன்று படைகளின் சீருடையும் அணிந்தவர். திருப்பதியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் 1944இல் பிறந்த பத்மா பந்தோபாத்யாய், 1968இல் விமானப்படையில் சேர்ந்து விமானப் பயண மருத்துவம் எடுத்தார். முப்படை அதிகாரிகளுக்கான வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ் படிப்பை முடித்த முதல் பெண் அதிகாரி. 2004இல் லெப்டினன்ட் ஜெனரலுக்குச் சமமான ஏர் மார்ஷல் ஆனார். இருவர் பாதையிலும் ஒன்று பொதுவாக இருக்கிறது: சிறப்புத் துறை கையில் இருந்தது, அதை விட்டு வெளியேயும் வந்தார்கள். பெரிய நகர ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரே கதியென்று இருக்கும் சர்ஜன் சீனியர் அட்வைசராக மரியாதையோடு ஓய்வு பெறுவார். ஆனால் மேஜர் ஜெனரல் வாரியம் உட்காரும்போது அவர் கோப்பில் தலைமைப் பொறுப்பு அறிக்கை ஒன்றும் இருக்காது.

வாரியத்தின் முன் இருப்பது காகிதம்தான், ஆள் இல்லை. ஆண்டறிக்கைகளில் 9க்கு எவ்வளவு என்ற கட்டம், மேற்படிப்பு, பதக்கங்கள், தன் உடல்நல வகை. கடைசியானதில் டாக்டர்களே கோட்டை விடுவது வேடிக்கை. முழு உடல்தகுதி வகையான ஷேப்-1இல் இருந்தவர் நாற்பத்தைந்து வயதில் எடையாலும் ரத்த அழுத்தத்தாலும் கீழே இறங்கி, அதுவே பதவி உயர்வுக்குக் குறுக்கே நிற்கும். அறிக்கைகளில் ஒன்று மட்டும் திடீரென்று 8இலிருந்து 6க்கு இறங்கியிருப்பதாகத் தெரிந்தால் வாரியம் வரை காத்திருக்காமல் உடனே முறையான மனு கொடுக்க வேண்டும். அதிலும் தீரவில்லை என்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அதன் அமர்வுகள் சென்னையிலும் கொச்சியிலும் இருக்கின்றன. பணியில் இருப்பவர் பணியிடத்தைப் பொறுத்தும், ஓய்வு பெற்றவர் வசிக்கும் இடத்தைப் பொறுத்தும் வழக்குப் போடலாம். ஓய்வு பெற்று ஊர் திரும்பிய வேலந்தாவளத்துக்காரருக்குக் கொச்சி, நகரிக்காரருக்குச் சென்னை.