'பிஸ் சு' என்றால் 'வரை': ஜெர்மனி புளூ கார்டுக்குச் சம்பளத்தை எடை போடுவது எப்படி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எனக்குக் கொலுசுப் பட்டறை. வெள்ளி கைக்கு வந்தால் முதலில் டச், அதாவது தூய்மை, பார்ப்பேன், அப்புறம்தான் விலை. 2025 ஜனவரியில் என் அக்கா மகள் ஜெர்மனி வேலை ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து பட்டறை மேசையில் வைத்தபோதும் அந்தப் பழக்கம் விடவில்லை.

"மாமா, வருஷத்துக்கு 46,000 யூரோ. வரம்பு 43,759 தானாம். தாராளமா போதும்னு ஏஜென்ட் சொல்லிட்டார்" என்றாள். அவள் கேட்டது புளூ கார்டு, அதாவது உயர்தகுதி வேலைக்குப் போகிறவர்கள் அங்கே தங்கி வேலை பார்க்கும் அனுமதி. சம்பளம் ஒரு வரம்பைத் தொட்டால்தான் அது கிடைக்கும். சென்னையில் விண்ணப்பம் கொடுக்க நான்கே நாள் இருந்தது.

ஒப்பந்தம் இரண்டு பத்தியாக இருந்தது, இடப்பக்கம் ஜெர்மன், வலப்பக்கம் ஆங்கிலம். மூன்றாம் பக்கத்தில் சம்பளம். அடிப்படை ஆண்டுச் சம்பளம் 42,000. அடுத்த வரியில் போனஸ், 'பிஸ் சு' 4,000. அந்த இரண்டு சின்னச் சொல்லுக்கு 'வரை' என்று அர்த்தம். நாலாயிரமும் வரலாம், நானூறும் வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். அப்படிப்பட்ட பணத்தை வரம்புக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். கணக்கில் நிற்பது 42,000 மட்டும். சரியான வரம்பு 43,759.80, அவளுக்கு 1,759 யூரோ 80 சென்ட் குறைந்தது. ஏஜென்ட் இரண்டையும் கூட்டிச் சொல்லியிருக்கிறார், அதற்குக் கட்டணமும் வாங்கியிருக்கிறார்.

சரி, இந்த வரம்பு எங்கிருந்து வருகிறது? இதைப் புரிந்துகொண்டால் ஏஜென்ட்டிடம் போகும் வேலையில் பாதி குறைந்துவிடும். ஜெர்மனியில் ஓய்வூதியக் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஒரு தொகைக்கு மேல் போனால் பிடிக்க மாட்டார்கள். அந்த உச்சத் தொகையில் 50 சதவீதம்தான் புளூ கார்டின் பொது வரம்பு. ஆள் பற்றாக்குறைத் தொழில்களுக்கு 45.3 சதவீதம் போதும். நாட்டின் சம்பள நிலவரம் ஏற ஏற உச்சத் தொகையும் ஏறும், கூடவே வரம்பும் ஏறும். வெள்ளி விலை மாதிரி தினமும் ஆடாது, ஜனவரி 1 அன்று ஒரே தாவாகத் தாவும்.

2024-இல் பொது வரம்பு 45,300, குறைந்த வரம்பு 41,041.80. 2025-இல் 48,300, 43,759.80. 2026-க்கு 50,700, 45,934.20. எல்லாம் வருடக் கணக்கு, யூரோவில். கவனியுங்கள், என் அக்கா மகளின் 42,000 முந்தைய வருடக் குறைந்த வரம்பைத் தாண்டியிருந்தது. கம்பெனிக்காரர்கள் பழைய எண்ணை வைத்தே எழுதியிருக்க வேண்டும். அதனால் நவம்பர், டிசம்பரில் வேலை உறுதியானால் அடுத்த வருட வரம்பையும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். வரம்பை ஒட்டி வாங்காமல் ஆயிரம் இரண்டாயிரம் கூட வைத்துக் கேட்பது நல்லது.

குறைந்த வரம்பு யாருக்கு? இன்ஜினியர், ஐடிக்காரர், டாக்டர், ஆசிரியர் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பட்டம் வாங்கி மூன்று வருடத்துக்குள் இருப்பவர்களுக்கு எந்தத் தொழிலானாலும் உண்டு. ஐடியில் பட்டமே இல்லாவிட்டாலும், கடைசி ஏழு வருடத்தில் மூன்று வருட அனுபவம் காட்டினால் 2023 நவம்பரிலிருந்து வழி இருக்கிறது. எங்கள் பிள்ளை ஓசூரில் நான்கு வருடம் மெக்கானிக்கல் டிசைன் பார்த்தவள். அதனால் 'புதுப் பட்டதாரி' கணக்கு அவளுக்குப் பொருந்தாது, இன்ஜினியர் என்ற கணக்கில்தான் குறைந்த வரம்பு கிடைத்தது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அங்குள்ள அரசு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒப்புதல் தர வேண்டும். அதே வேலைக்கு உள்ளூர் ஆளுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று அவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பொது வரம்பைத் தொட்டுவிட்டால் இந்த ஒப்புதல் வேண்டியதில்லை.

இப்போது எடை போடும் வேலை. ஒப்பந்தத்தில் 'புருட்டோ' என்று இருக்கும் தொகைதான் கணக்கு. அது பிடித்தம் போகும் முன் சம்பளம். கைக்கு வருவது 'நெட்டோ', வரம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாதச் சம்பளம் போட்டிருந்தால் 12-ஆல் பெருக்குங்கள். 13-ஆம் மாதச் சம்பளம் என்று உறுதியாக எழுதியிருந்தால் அதையும் சேர்க்கலாம். 'நிர்வாகம் விரும்பினால்', 'இலக்கை எட்டினால்', 'வரை' என்றெல்லாம் வாலைச் சேர்த்திருந்தால் அந்த வரியை அப்படியே அடித்துவிட்டு மீதியைக் கூட்டுங்கள். ரூபாயில் மாற்றிப் பார்க்கவே வேண்டாம், அது மனதை மயக்கும்.

நம்மூர்ப் பிள்ளைகள் இன்னொரு இடத்திலும் தடுமாறுகிறார்கள். இங்கே சிடிசி (ஊழியருக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) என்றால் கம்பெனி கட்டும் பிஎஃப் பங்கும் கிராஜுவிட்டியும் உள்ளே அடங்கியிருக்கும். அங்கே புருட்டோவில் கம்பெனியின் பங்கு இல்லை, அதை அவர்கள் தனியாகக் கட்டுகிறார்கள். ஊழியர் பங்காக ஓய்வூதியத்துக்கு 9.3 சதவீதம், வேலையின்மைக் காப்பீட்டுக்கு 1.3, மருத்துவக் காப்பீடு, முதியோர் பராமரிப்புக் காப்பீடு எல்லாம் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், அதற்கு மேல் வருமான வரி. நகைக்கடையில் சேதாரம் போடுகிறார்கள் என்று சண்டை போடுகிற அக்கா, மகளின் நெட்டோவைக் கேட்டு வாயடைத்துப் போனாள். திருமணமாகாதவருக்கு மாதம் 3,700 புருட்டோ என்றால் கையில் சுமார் 2,400தான் நிற்கும்.

சரி, குறைந்ததை எப்படிச் சரிசெய்தோம்? அந்தத் தேதியை விட்டுவிட்டு வேறு தேதிக்குப் பதிவு செய்தாள். பிறகு கம்பெனிக்கு ஒரே பத்தியில் கடிதம். கெஞ்சவில்லை, குறை சொல்லவில்லை. "இந்த வேலைக்கு 2025-ஆம் ஆண்டுப் புளூ கார்டு வரம்பு 43,759.80 யூரோ. என் உறுதியான சம்பளம் 42,000. போனஸில் ஒரு பகுதியை அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்துத் திருத்திய ஒப்பந்தம் தர முடியுமா?" அவ்வளவுதான். வெளிநாட்டு ஆளை அவர்கள் எடுப்பது அதுவே முதல் தடவையாம். மூன்று வாரத்தில் மாதம் 3,700, வருடம் 44,400 என்று திருத்தி அனுப்பினார்கள். போனஸ் 'வரை' 1,600 ஆனது. அவர்களுக்குச் செலவும் கூடவில்லை.

கம்பெனி நிரப்பித் தரவேண்டிய ஒரு படிவமும் உண்டு. அதன் ஜெர்மன் பெயர் ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவு மாதிரி வளைந்து வளைந்து போகும். 'வேலை விவரப் படிவம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எழுதும் சம்பளமும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதும் ஒப்பந்தத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இவளுடையதில் பழைய 42,000-ஐ மாற்ற மறந்திருந்தார்கள், திரும்ப அனுப்பி மாற்ற வைத்தோம். ஒப்பந்தக் காலமும் ஆறு மாதத்துக்குக் குறையக் கூடாது. பட்டமும் கல்லூரியும் அங்கே ஏற்கப்படுகிறதா என்பதை 'அனாபின்' என்ற தரவுத்தளத்தில் பார்த்து, அச்செடுத்து வையுங்கள்.

வரம்பு எட்டவே இல்லை என்றால் கதவு மூடிவிடாது. தகுதி பெற்ற பணியாளர் என்ற சாதாரண அனுமதி இருக்கிறது. 45 வயதுக்குள் இருப்பவர்களுக்கு அதில் நிலையான சம்பள எண் இல்லை, உள்ளூர்ச் சம்பளத்துக்கு இணையாக இருந்தால் போதும். 45 தாண்டி முதல் முறை போகிறவர்களுக்கு 55 சதவீதக் கணக்கு, 2026-க்கு 55,770. அதற்குப் பதிலாக முதுமைக்குப் போதிய ஓய்வூதிய ஏற்பாட்டைக் காட்டினாலும் ஏற்பார்கள். இருந்தாலும் புளூ கார்டு கிடைக்குமென்றால் அதையே பிடியுங்கள் என்பேன். ஜெர்மன் மொழியில் பி1 என்ற நடுத்தர நிலையை முடித்தால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம், ஏ1 என்ற தொடக்க நிலை மட்டும் என்றால் 27 மாதம்.

மார்ச்சில் ஒரு ராத்திரி சேலம் ஜங்ஷனில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏற்றிவிட்டேன். விசாக் கட்டணம் 75 யூரோ, அதற்கான ரூபாயைத் தனிக் கவரில் வைத்திருந்தாள். ஃபைலின் மேல் அட்டையில் பென்சிலால் 3,700 × 12 = 44,400 என்று எழுதி, அடியில் 43,759.80, வித்தியாசம் 640.20 என்று போட்டுக் கொடுத்தேன். பட்டறையில் பில் போடுவது போலத்தான்.