தேடியவர் எல்லோரும் நோயாளி அல்லர்

வீட்டில் செருப்பு வாங்குவதைப் பற்றிப் பேசினோம், சற்று நேரத்தில் போனில் செருப்பு விளம்பரம் வந்துவிட்டது, மனதையே படித்துவிட்டது என்று வியப்பவர்கள் உண்டு. முதல் தவறு அங்கேதான். அல்காரிதம், அதாவது கணினி பின்பற்றும் கணக்கீட்டு வழிமுறை, மனதைப் படிப்பதில்லை. நாம் தேடியவை, வாங்கியவை, நின்று பார்த்தவை ஆகிய தடங்களை எண்ணுகிறது. இதே தடங்களை விட்டவர்கள் அடுத்து என்ன செய்தார்களோ, அதையே நாமும் செய்வோம் என்று கணக்குப் போடுகிறது. பேசியும் விளம்பரம் வராத நாள்களை நாம்தான் மறந்துவிடுகிறோம்.

தடத்தையே ஆளாக எண்ணுவது இதைவிடப் பெரிய தவறு. இதில் கூகுளே சறுக்கியது. அமெரிக்கர்களின் தேடல்களை வைத்து ஃப்ளூ காய்ச்சல் பரவலைக் கணிக்கும் சேவையை 2008இல் அது தொடங்கியது. சுமார் 5 கோடி தேடல் சொற்களைச் சலித்து 45ஐப் பொறுக்கினார்கள். குளிர்காலத்தில் காய்ச்சலும் வரும், பள்ளிக் கூடைப்பந்துப் போட்டிகளும் வரும். ஆகவே கூடைப்பந்துத் தேடல்கள்கூடக் காய்ச்சல் கணக்கோடு அழகாகப் பொருந்தின! அவற்றை மனிதர்கள்தான் களைய வேண்டியிருந்தது. 2009இல் பருவம் தப்பி வந்த பன்றிக் காய்ச்சலை அந்தச் சேவை கோட்டைவிட்டது. 2012-13 குளிர்காலத்திலோ, காய்ச்சலுக்காக மருத்துவரிடம் போனவர்களின் அளவை ஏறத்தாழ இருமடங்காகக் காட்டியது. செய்தி பார்த்துப் பயந்தவரும் தேடுவார் அல்லவா? 2015இல் மதிப்பீடுகளை வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

இன்னொன்று நெஞ்சை உறுத்துவது. யாருக்குக் கூடுதல் மருத்துவக் கவனிப்பு தேவை என்று கணிக்க, அமெரிக்க மருத்துவமனைகள் பயன்படுத்திய ஓர் அல்காரிதம் சிகிச்சைச் செலவை அளவுகோலாகக் கொண்டிருந்தது. அதே அளவு நோய் இருந்தாலும் கறுப்பினத்தவருக்குச் செலவிடப்படும் தொகை குறைவு. அதனால் நோய் முற்றியிருந்தும் அவர்கள் வரிசையில் பின்னுக்குப் போனார்கள். 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இதை வெளிக்கொணர்ந்தது. இனம் என்ற தகவல் அந்த அல்காரிதத்துக்குத் தரப்படவே இல்லை.

தகவல் கூடினால் கணிப்பு கூர்மையாகும் என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒருவர் மீண்டும் குற்றம் செய்வாரா என்று கணிக்கும் ‘காம்பஸ்’ மென்பொருள் 137 விவரங்கள் வரை எடுத்துக்கொள்ளும். வயது, முந்தைய தண்டனைகளின் எண்ணிக்கை ஆகிய இரண்டை மட்டும் வைத்தே ஏறக்குறைய அதே துல்லியத்தை, அதாவது சுமார் 65 சதவீதத்தை, எட்டலாம் என்று 2018இல் இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

சதவீதத்தைக் கேட்டதும் மயங்குபவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடன் வாங்கிய 100 பேரில் 5 பேர் ஏமாற்றுவார்கள் என்றால், “எல்லோரும் கட்டிவிடுவார்கள்” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவருக்கும் 95 சதவீதத் துல்லியம் கிடைத்துவிடும். அந்த 5 பேரில் ஒருவரைக்கூட அவர் பிடித்திருக்க மாட்டார்.