பிபி மாத்திரைய உடைக்கறதுக்கு முன்னாடி அட்டைய திருப்பிப் பாருங்க

மெடிக்கல்ல 5 எம்ஜி ஸ்டாக் இல்லன்னா "10 எடுத்துட்டுப் போய் பாதியா உடைச்சுப் போடுங்க"ன்னு குடுத்துடறாங்க. சாதா அம்லோடிபின்னா பெரிய பிரச்சனை இல்ல, ஆனா எல்லா பிபி மாத்திரையும் அப்படி கிடையாதுங்க.

மருந்து பேருக்குப் பின்னாடி எக்ஸ்எல், எஸ்ஆர், இஆர், ரிடார்டுன்னு ஏதாவது போட்டிருக்கான்னு பாருங்க. போட்டிருந்தா அது நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா மருந்த வெளிய விடற மாதிரி செஞ்ச மாத்திரை. முழுங்க முடியலன்னு அம்மாவுக்கு நிஃபெடிபின் ரிடார்ட கரண்டில பொடிச்சு தண்ணில கலக்கிக் குடுக்கறாங்க பாருங்க, அது ரொம்ப ஆபத்து, மெதுவா இறங்க வேண்டிய மருந்து மொத்தமும் ஒரேடியா உள்ள போய் பிபி தடால்னு இறங்கி, பாத்ரூம் போறப்ப தலை சுத்தி விழுந்துட்டா அப்புறம் இடுப்பெலும்பு உடையற வரைக்கும் போயிடும். மெட்டோப்ரோலால் எக்ஸ்எல்ல சிலதுக்கு நடுவுல கோடு இருக்கும், அந்தக் கோட்டுல பாதியாக்கலாம், ஆனா மெல்லவோ பொடிக்கவோ கூடாது.

டெல்மிசார்டன் வேற கதை. அது காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும், அதனாலதான் போடறப்ப மட்டும் அட்டைலருந்து எடுக்கணும்னு சொல்றது. ஒரு வாரத்துக்குத் தேவையானத மொத்தமா பிச்சு, கத்தில நறுக்கி, டப்பால போட்டு அடுப்பு பக்கத்துல வைக்கறது பல வீட்ல நடக்குது. டாக்டர் 20 எழுதியிருந்தா 20 எம்ஜியாவே கேட்டு வாங்குங்க, தனியாவே கிடைக்குது. ரெண்டு மருந்து சேர்ந்த காம்பினேஷன் மாத்திரைய பாதியாக்கினா ரெண்டுமே பாதியாயிடும்ங்கறதையும் மறந்துடறாங்க.

டைம் விஷயத்துல, ராத்திரி போட்டாத்தான் இதயத்துக்கு நல்லதுன்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா ஓடிச்சு. பிரிட்டன்ல 21,000 பேருக்கு மேல வச்சு ஒரு பெரிய ஆய்வு பண்ணி 2022ல ரிசல்ட் வந்துச்சு, காலைல போட்டவங்களுக்கும் ராத்திரி போட்டவங்களுக்கும் ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக்ல வித்தியாசமே இல்ல. அதனால டாக்டர் குறிப்பா ஒரு நேரம் சொல்லலன்னா உங்களுக்கு மறக்காத நேரம் எதுவோ அதுல தினமும் போடுங்க. சிறுநீர் போக வைக்கற மாத்திரைய மட்டும் காலைல போடுங்க, இல்லன்னா நடுராத்திரி எழுந்து எழுந்து தூக்கமே கெட்டுடும்.

மறந்துட்டா? ஞாபகம் வந்ததும் போடலாம், அடுத்த வேளை நெருங்கிடுச்சுன்னா விட்டுடுங்க, ரெண்டா சேர்த்து மட்டும் போடவே போடாதீங்க. பிபி நார்மல்னு காட்டுதேன்னு நீங்களா பாதியாக்கறதும் நிறுத்தறதும் அதே அளவு தப்பு, மாத்திரை போடறதாலதான் நார்மலா இருக்கு. மெட்டோப்ரோலால் மாதிரி மருந்த திடீர்னு நிறுத்தினா நெஞ்சுவலியே வரலாம்.

இன்னொண்ணு, செக்கப் அன்னிக்கு வெறும் வயிறுன்னு சொல்லி பிபி மாத்திரையவும் போடாம போறாங்க. அங்க 170 காட்டும், டாக்டர் டோஸ ஏத்திடுவாரு, மறுநாள்லருந்து அத போட்டு தலை சுத்தும். தண்ணியோட மாத்திரைய போட்டுட்டு வரலாமான்னு முந்தின நாளே போன்ல கேட்டுக்கங்க, போடாம போயிட்டீங்கன்னா பிபி பாக்கறப்பவே அத சொல்லிடுங்க.